இன்னும் சுத்துது

காலை எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்துவேன்.
பழைய டிஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டு
சுழல ஆரம்பிக்கும்.
அந்த நேரம் பார்த்துத்தான் பூரவ் அழைப்பான்,
தெற்கே கோபியில், எல்லைச் சாவடி வரிசையில்,
நிலக்கரி லாரியின் ஸ்டியரிங்மேல் தாடையை ஊன்றியபடி.

"துயா, உன் லேப்டாப் முந்துமா, என் லாரி முந்துமா?"
"உன்னுது எத்தனையாவது?"
"நூத்துப் பதினாறு."
"என்னுதுல வட்டம் சுத்துது."

லேப்டாப்தான் முந்தும், எப்போதும்.
நாலு நிமிஷம். குளிர் அதிகமானால் ஐந்து.
உப்புப் போட்ட பால் தேநீர்
ஆடை கட்டும் நேரம்.

பிப்ரவரி கணக்கு முடிக்கும் மாதம்.
பதினேழு கடைகளின் வரவு செலவு என் தலையில்.
ஒரு செவ்வாயன்று எக்செல் உறைந்தது, கூடவே நானும்.
"எஸ்எஸ்டி போடேன்" என்றாள் பக்கத்து மேசை ஓயுன்கெரெல்,
ஏதோ தலைவலி மாத்திரை மாதிரி.

கணினிச் சந்தை, மூன்றாம் மாடி.
கடைப் பையன் தெமூலன் கேட்டான்:
"சாட்டாவா, என்விஎம்இயா?"
நான் போகாத இரண்டு ஊர்களின் பெயர் போலிருந்தது.
வேகமானது எது என்றேன்.
வேகமானதை விற்றான்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால்
அதன் நாக்கில் வெட்டு ஒரு பக்கம்,
லேப்டாப்பின் வாயில் தடுப்பு மறுபக்கம்.
லேசாக அழுத்திப் பார்த்தேன். பயந்து விட்டுவிட்டேன்.

மறுநாள் மைனஸ் முப்பத்தொன்றில்
இரண்டு பஸ் மாறித் திரும்பப் போனேன்.
"மாடல் நம்பரைச் சொல்லியிருக்கலாமே அக்கா."
"நீ கேட்டிருக்கலாமே தம்பி."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு இரண்டு வெட்டு உள்ளதை எடுத்துக் கொடுத்தான்.
வேகம் குறைவு, விலையும் குறைவு.
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினேன்.

எங்கள் குளிர்காலத்தில் காற்று அவ்வளவு வறண்டது.
கதவுப் பிடி, குழாய், பூனையின் காது,
எதைத் தொட்டாலும் சுரீர்.
விடுப்பில் வந்த பூரவின் முதல் முத்தத்துக்கே
பொறி பறந்து இருவரும் திட்டிக்கொண்டோம்.
ஒரு பொறி போதுமாம், சிப் செத்துப்போக.
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
ஹீட்டர்மேல் ஈரத் துண்டு விரித்தேன்.
இரும்புக் குழாயைத் தொட்டுத் தொட்டு
பின்மூடியின் பதினோரு திருகாணிகளையும் கழற்றி
காகிதத்தில் வரைந்த படத்தின்மேல் அதனதன் இடத்தில் வைத்தேன்.
முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன்.
சாய்வாகச் செருகினேன். போனது.

கையை எடுத்ததும் எழுந்து நின்றது,
வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.
படுக்க வைக்க ஒரு திருகாணி வேண்டும்.
எள்ளளவு. பெட்டியில் இல்லை. பலகையிலும் இல்லை.
கம்பளத்தை டார்ச் அடித்துத் தேடினேன்.
தலைவலி மாத்திரை ஒன்று கிடைத்தது.

கடைசியில் வைஃபை அட்டையின் திருகாணியைக் கழற்றி
இதற்குப் போட்டேன்.
வைஃபைக்கு ஒரு துண்டு டேப்.
ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றுவது,
கணக்கருக்குக் கைவந்த கலை.

இரவெல்லாம் பழையதிலிருந்து புதியதற்கு
நகல் ஓடியது.
நாற்பத்தேழு சதவீதத்தில் நான் தூங்கிவிட்டேன்.

காலை எட்டு. பொத்தான்.
கெட்டில் பக்கம் திரும்புவதற்குள்
பதினோரு விநாடியில்
பதினேழு கடைகளும் திரையில் வந்து நிற்கின்றன,
என்ன செய்யட்டும் என்று.
சத்தமே இல்லை. காதை வைத்துப் பார்த்தேன்,
மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

போன் அடித்தது.
"யார் முந்தினது?"
"உன்னுது எத்தனையாவது?"
"நூத்தி நாப்பது. பனி வேற. உன்னுது?"
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
"இன்னும் சுத்துது" என்றேன்.

"சத்தம் கேக்கலையே?"
"போர்வை போட்டு மூடியிருக்கேன்."

அவன் பக்கம் எஞ்சின் மட்டும் உறுமியது.
பிறகு சொன்னான்:
"நல்லா இழுத்துப் போர்த்து.
அவசரமில்ல."