துண்டில் எழுதியது

இடது முழங்கைக்குக் கீழே
ஒன்பது புள்ளிகள். நடுவில் கொஞ்சம் வெறுந்தோல்.
தண்ணிமோட்டர் திருத்தக் கொண்டுவந்த
பாண்டியன்குளத்து ஆள் கேட்டார்:
என்ன தம்பி, ஆர் கடிச்சது?
நாய் அண்ணை.
ஆற்றை நாய்?
கட்டாக்காலி.

வாயை விட்டுப் போன பிறகுதான்
சொல்லின் பாரம் தெரிந்தது.
காலையில் அவனுக்கு
சேட்டுப் பொத்தான் மூன்றும் பூட்டிவிட்ட கை இது.

அவர் விடவில்லை.
போன மாரியில் தன் மச்சானை
விசர்நாய் கடித்த கதையை
நான் மோட்டரைப் பூட்டி முடிக்கும்வரை சொன்னார்.
பிறகு மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்
மல்லாவி ஆசுபத்திரி வாசலில்
இறக்கிவிட்டுத்தான் போனார்.
என் பொய்க்குத் துண்டு எழுதினார்கள்.
இலக்கம் முப்பத்திநாலு.

வாங்கில் குந்தியிருந்தேன்.
நடந்தது இவ்வளவுதான்:
நீலக் கோப்பை உடைந்துபோனது,
சிவப்புக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம்.
பிறகு சிவப்புக் கோப்பையும் இல்லை,
யன்னலுக்குக் கண்ணாடி இல்லை,
சுகிர்தாவின் நெற்றியில் ஒரு வீக்கம்.
அவன் தன் தலையைச்
சீமெந்துத் தூணில் மோதத் தொடங்கினான்.
தலைக்கும் தூணுக்கும் நடுவில்
என் கையை வைத்தேன்.

ஏழு வயது. யதுசன்.
அதிபர் பெயரைச் சொல்லமாட்டார்.
உங்கடை ஆளை வந்து
கூட்டிக்கொண்டு போங்கோ என்பார் தொலைபேசியில்.
எங்கள் வீட்டில் கத்தி
அரிசி வாளிக்குள் இருக்கிறது.
கதவுகளில் கொண்டி இல்லை.
பக்கத்து வளவில் கோழி ஒன்று நொண்டினால்
நான் காசை எண்ணிக்கொண்டு போவேன்,
கேட்பதற்கு முன்னமே.

எங்கள் ஒழுங்கையில் எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கிறது.
நூல் கட்டச் சொன்னாள் ஒருத்தி.
பூவரசங்கம்பை முறித்து
இலை உருவிக் கையிலேயே தந்தார் ஒருவர்.
செல்லம் என்றார்கள், போன் என்றார்கள்.
கடைசியில் குரலைத் தாழ்த்தி
சண்டைக்காலத்துப் பயம் எல்லே,
தாயின்ரை வயித்திலை நிண்டிருக்கும் என்றார்கள்.
இருக்கலாம்.
அதே வயிற்றில் பிறந்த அவனுடைய தங்கச்சி
பூனைக்கும் வணக்கம் சொல்கிறாள்.

அந்தக் கம்பை ஒருநாள் எடுத்தேன்.
அதைப் பற்றிச் சுகிர்தாவோடும்
இன்னும் கதைக்கவில்லை.

முப்பத்திநாலு.
மிஸ்ஸி கையைத் திருப்பி
வெளிச்சத்துக்குப் பிடித்தா.
புள்ளிகளை எண்ணினா. ஒருதரம், பிறகு இன்னொருதரம்.
வெறுந்தோலில் விரலை வைத்து
மெதுவாய்க் கேட்டா:
முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுதோ?

போன கிழமைதான் விழுந்தது,
அதைக் கூரையில் எறிய விடமாட்டேன் என்று
இரவு பதினொரு மணிவரை கத்தினான்,
பொத்திய கையோடுதான் நித்திரையானான்
என்றெல்லாம் சொல்ல வந்து
தலையை மட்டும் ஆட்டினேன்.

மருந்து போட்டுக் கழுவினா.
ஏற்பு ஊசி ஒன்று.
துண்டில் இருந்த நாய் என்ற சொல்லை
ஒரு கோட்டால் வெட்டினா.
மேலே எதுவும் எழுதவில்லை.
வியாழக்கிழமை கிளிநொச்சி டொக்டர் வருவார்,
பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.
வரிசையிலை நிக்கமாட்டான் எண்டால்
பின்பக்கத்தாலை வாங்கோ,
கன பேர் அப்பிடித்தான் வாறவை.

கன பேர்.
எந்த ஒழுங்கைகளில் இருக்கிறார்கள் அவர்கள்,
யாருடைய முழுக்கைச் சேட்டுக்குள்?

துணுக்காய்ச் சந்தியில் மூன்று கடை ஏறினேன்.
மூன்றாவதில் நீலம் இருந்தது,
எங்கள் நீலம் இல்லை, கொஞ்சம் கூட.
தெரிந்தும் வாங்கினேன்.

படியில் இருந்தான்.
என் கைக்கட்டைப் பார்க்கவில்லை.
கோப்பையை வாங்கி
உள்ளே பார்த்தான், அடியைப் பார்த்தான்,
நாக்கால் விளிம்பைத் தொட்டான்.
இது வேறை நீலம் என்றான்.

சுகிர்தா அடுப்படி வாசலில்
அகப்பையோடு அப்படியே நின்றாள்.
கோழிகூடக் கொத்துவதை நிறுத்தியதுபோல் இருந்தது எனக்கு.

கண்ணாடி இல்லாத யன்னலுக்கு நடந்துபோய்
கட்டில் வைத்தான்,
விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி.

வியாழனுக்கு
இன்னும் ஐந்து நாள்.