எண்ணிக்கை

வெள்ளவத்தையில் தண்டவாளம் தாண்டினால்
கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள்.
சுண்ணக்கட்டியால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டு
எண்ணிக்கொண்டு போகிறேன்.
அதுதான் என் தொழில்.
கல், சீமெந்து, கம்பி,
எது எத்தனை என்று சொல்லிக் கையொப்பமிடுவது.
அலை வந்து கோட்டை அழிக்கிறது.
எண்ணியதா எண்ணாததா என்று
ஈரக்கல்லிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஐப்பசியில் இங்கிலாந்திலும் இப்படி நின்றேன்.
ரிஸ்மியாதான் கார் ஓட்டிப் போனாள்,
எதிரே ஒரு டிராக்டர் வந்தால்
வேலிக்குள் ஒதுங்க வேண்டிய தெருவில்.
நுழைவுக்கு ஒரு பவுண்.
மரக்கூண்டுக்குள் கையுறையோடு இருந்தவர்
சீட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்,
இரண்டு தரம் எண்ணினால் இரண்டு தொகை வருமாம்.
ஒரு பவுணை ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்ததில்
அதை நான் சரியாகக் கேட்கவில்லை.

புல்வெளி. ஆட்டுப் புழுக்கை.
வட்டமாய், சூத்தைப் பல்லுப் போல, கற்கள்.
எந்த மன்னன், எந்தத் தெய்வம், ஒருவருக்கும் தெரியாது.
மேலே மஞ்சள் பாசி
யாரோ தேநீர் சிந்திய மாதிரி.

ரிஸ்மியாவுக்கு எழுபத்தொன்று.
அவள் மகன் ஆதிலுக்கு எழுபத்தாறு.
எனக்கு எழுபத்து மூன்று,
விடாமல் திரும்ப எண்ண, எழுபத்து நான்கு.
முக்கால் புதைந்த அது தனிக் கல்லா,
பக்கத்துக் கல்லின் முழங்காலா?
பிளந்து நிற்பதை ஒன்றென்பதா, இரண்டென்பதா?
பட்டம் பெற்றவள் நான்.
குளிரில் மூக்கு ஒழுக நின்றேன்.

"எண்ணுற ஆள் வாற நேரம் பாத்து
ஒண்டு போய் ஒளிஞ்சு நிக்கிது போல"
என்றாள் ரிஸ்மியா.
ஆதில் சிரித்தான்.
நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அப்போது எங்கள் ஒழுங்கையில்
அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே மதில்.
பொலிஸில் பதிந்த படிவத்தில் நாங்கள் ஆறு பேர்,
அவர்கள் ஐந்து.
மன்னாரிலிருந்து வந்த மச்சான் கீர்த்திவாசன்
எந்தப் படிவத்திலும் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு டோர்ச் வெளிச்சம்
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டது.
ஆறு. சரி.
பிறகு பக்கத்து வீடு.
அங்கே ஐந்து. அதுவும் சரி.
ஐந்தாவது கட்டிலில்
ரிஸ்மியாவின் நானாவுடைய சாரத்தோடு
கீர்த்திவாசன் படுத்திருந்தான்.
நானா மொட்டைமாடியில்,
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்,
தொகை பிழைக்கக் கூடாதென்று
மழையில் நின்றார்.

கீர்த்திவாசன் இப்போது நோர்வேயில் பஸ் ஓட்டுகிறான்.
வயிறு வைத்துவிட்டது.
நானா இன்றைக்கும் தும்மினால்
அவன் பெயரைச் சொல்லித்தான் தும்முவார்.

"மிஸ், முடிஞ்சுதா?"
மேற்பார்வையாளர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.
ஒப்பந்தக்காரரின் பட்டியலில்
ஆயிரத்து நூற்று நாற்பது.
என் கணக்கில் ஆயிரத்து எண்பத்தேழு.
"மிச்சத்தைக் கடல் கொண்டுபோயிட்டுது மிஸ்,"
கண் சிமிட்டாமல் சொல்கிறார்.
ஐம்பத்து மூன்று கற்கள்.
ஒவ்வொன்றும் இரண்டு தொன்.
அந்த வட்டத்துக் கற்களை
ஒரு சூனியக்காரி காவல் காக்கிறாளாம்.
இங்கே அவளுக்கு வேலையில்லை,
கீழே ஒரு கையொப்பம் போதும்.

நான் எழுதப் போவது என் தொகையைத்தான்.
எண்பத்தேழு என்று பேனா இறங்கும்போது
பாணந்துறை ரயில் முதுகுக்குப் பின்னால் இரைந்து போகிறது.
குடைக்குள் இருந்த சோடி
இன்னும் கொஞ்சம் குடைக்குள் போகிறது.
தூரத்தில், நீர் தெறிக்கும் ஓரத்தில்,
நான் எண்ணிய கல்லொன்று எழும்பி
தூண்டிலைச் சுற்றி, கறுப்பு மழைச்சட்டையை உதறி,
மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு
தெஹிவளைப் பக்கம் நடக்கிறது.

ஆயிரத்து எண்பத்தாறு.