முதல் பந்தி

எனக்குக் கடல் என்பது
காலடியில் சாயும் இரும்புத் தரை.
இடப்பக்கம் சாய்ந்தால் கரி என்னிடம் வரும்,
வலப்பக்கம் சாய்ந்தால் நான் கரியிடம் போவேன்.
படகுக்குப் பேஷன்ஸ் என்று பெயர். எண்பத்தாறு அடி.
பொறுமைக்கு இவ்வளவு பசி உண்டென்று
ஹன்ட்லியில் டர்னிப் பிடுங்கிய காலத்தில்
யாரும் சொல்லவில்லை.

மேலே ஏழு பேர் வலை இழுப்பார்கள்.
நீராவியில் கேப்ஸ்டன் முனகும்.
அது முனகும்வரை என் முள்
நூறுக்குக் கீழே இறங்கக் கூடாது.
நள்ளிரவில் தொடங்கினால் சில நாள் மதியம்வரை.
சமையல் பையன் லோடி கயிற்றறையில் குந்தி
மைல் நீள ஈரக்கயிற்றை வட்டவட்டமாய் அடுக்குவான்.
கயிற்றோடு வரும் சொறிமீன் சளி
கண்ணில் தெறிக்கும்.
விடிந்து கஞ்சி கிண்டும்போது
அழுத முகத்தோடு நிற்பான்.
அழவில்லை என்பான்.

மீன் ஏறுவதை நான் பார்த்ததில்லை.
தலைக்குமேல் பூட்ஸ் சத்தம்தான்.
ஹெர்ரிங் கொட்டினால் பூட்ஸ் வழுக்கும்,
யாராவது சங்கீதம் ஒன்று எடுப்பார்கள்.
அந்த அக்டோபர் முழுக்க
பூட்ஸ்கள் காய்ந்தே நடந்தன.

நவம்பர் கடைசிச் சனி, யார்மத்தில்,
ஏலக்காரர் அலுவலகத்தில் கணக்கு.
எங்கள் படகில் மூன்று ஜார்ஜ் கோவி.
குமாஸ்தா பட்டப்பெயர் சேர்த்தே எழுதுவார்:
ஊசி, கோட்டான், பெரியவன் அல்லாதவன்.
விற்றது இவ்வளவு என்றார்.
அதில் முதலில் கரி.
பிறகு தண்ணீர், எண்ணெய், துறைமுகக் காசு,
மாட்டிறைச்சி, வலைக்குப் பட்டைச் சாயம்.
கழிக்கக் கழிக்க எண் மெலிந்து
கோட்டுக்குக் கீழே போயிற்று.
பங்குக்காரர் ஏழு பேருக்கும்
ஆளுக்கு நான்கு பவுண்டு கடன்.

முதல் பந்தி எப்போதும் கொதிகலனுக்கு.
பரிமாறுகிறவன் நான்.
எஞ்சின்காரருக்கும் பையனுக்கும் எனக்கும் பங்கில்லை,
கூலி.
மீன் வந்தாலும் வராவிட்டாலும் கூலி.
பத்து வாரம், பத்துப் பவுண்டு.
குமாஸ்தா ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தார்.
மேசை நல்ல மரம்.
ஸ்கிப்பர் லாரன்ஸ் கோவி ஜன்னல் வழியே
வேறு யாருடைய படகையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்புமுன் கடைத்தெருவில்
வீட்டுக்குப் பீங்கான் வாங்குவது வழக்கம்.
அந்த ஆண்டு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.
நான் போனேன், இருட்டிய பின்.
கிரிசலுக்கு ஒரு கோப்பை,
நீலப்பூ, தங்க விளிம்பு, தங்கக் காது.
பழைய காலுறையில் சுற்றிக்
கரியறையின் கடைசி மூலையில், தகட்டு மடிப்பில் செருகினேன்.

வடக்கே மூன்று நாள் ஓட்டம்.
இரண்டாம் இரவு கோட்டான் ஜார்ஜ்
ஏணியில் இறங்கி வந்து கை காய்ந்தார்.
இங்கே நல்ல சூடு, என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
இரண்டு வாரி கூடுதலாய்ப் போட்டேன்.
அந்தக் கரியும் அவர் கணக்கில்தான் என்பது
கதவை மூடிய பிறகே உறைத்தது.

பக்கித் துறையில் பெண்கள் நின்றார்கள்.
முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்கள்.
வெறுங்கை முழம் போடாது.
என் கையையும் வெறுமையாகவே வைத்திருந்தேன்.
கிரிசல் ஒன்றும் கேட்கவில்லை.
பணத்தைக் கதவு தாழிட்ட பின் கொடுத்தேன்.
எண்ணிவிட்டு,
ஊசியின் மனைவி எதிர்வீட்டில் இருக்கிறாள்,
மெதுவாகப் பேசு, என்றாள்.

கோப்பையை எடுக்கப் போக
ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது,
போகாமலிருக்க.

ஜனவரியில் பதினான்கு டன் ஏற்றினார்கள்.
நான் மேல்தளத்தில் நின்றேன்.
கரி விழும் சத்தத்துக்குள்
வேறு சத்தம் எதுவும் தனியாகக் கேட்கவில்லை.

மார்ச் மாதம், மின்ச் கடலில், ஓர் இரவு
கரியறை மூலையைச் சுரண்டியபோது
வாரியில் கோப்பையின் காது வந்தது.
மேலே பூட்ஸ்கள் வழுக்கிக்கொண்டிருந்தன.
யாரோ பாட்டெடுத்திருந்தார்கள்.
முள் தொண்ணூற்றெட்டில்.
நின்று பார்க்க நேரமில்லை,
அப்படியே போட்டேன்.

விடிந்து கிட்டம் வாரும்போது
சாம்பலோடு வந்தது, முழுசாக.
தங்கம் மட்டும் போயிருந்தது.