ஏழு பேர்ச்

வடக்கே என்ன, என்று கேட்டான் சங்கிலி பிடிக்கிறவன்.
ஒன்பதாம் நம்பர் மலை.
மலை என்றால் மலையில்லை சேர்,
கொழுந்து நிரைகள் ஏறிப்போகிற சரிவு.
அதற்கும் மேலே ஒன்று உண்டு.
அதற்கு நம்பர் இல்லை,
மேகம் அதை முழுசாகக் காட்டியதும் இல்லை.

நில அளவையாளர் விஜேகோன்
குடையை இடுக்கிக்கொண்டு எழுதினார்:
வடக்கு, தேயிலை.

ஒரு விரல் அகலக் கட்டத்தில் அவ்வளவுதான் பிடிக்கும்.
தேயிலைக்கு முன்னே கோப்பி.
இலையில் துரு விழுந்து செத்தது.
கோப்பிக்கு முன்னே காடு.
காடு வெட்ட வந்தவர்கள் மன்னாரில் இறங்கி நடந்தார்கள்.
வந்து சேராதவர்களுக்கு வழி நெடுக ஒரு கல்லும் இல்லை;
வந்து சேர்ந்தவர்கள் பிறகு
நிரைகளுக்குக் கீழே படுத்தார்கள்.
ஒன்பதாம் நம்பரில் கவ்வாத்து வெட்டும்போது
கத்தி சிலசமயம் மெதுவாகும்.

கிழக்கே பங்களா.
தோட்டம் திறந்த துரைக்குச் சீமையில்
மார்லிங்கேட் என்றொரு கிராமமாம்.
கூடத்தில் படம் தொங்கும்:
வாத்து நீந்தும் குட்டை, சதுரக் கோபுரத்தோடு ஒரு கோயில்,
மேடு என்று பார்த்தால் ஒரு வைக்கோல் போர்.
பதினொரு வருஷம் அதற்குத் தூசி தட்டினேன்.
அந்தத் தட்டை ஊரின் பேரை
இந்தச் செங்குத்துக்கு வைக்க
அந்த ஆளுக்கு என்ன ஏக்கமோ.
இருபத்தாறு வயதில் காய்ச்சல்.
பாசியைச் சுரண்டினால் கல்லில் பேர் வரும்.

எங்கள் வாயில் மார்லிங்கேட்
மாலங்காடு ஆனது.
வெட்டின காட்டை
நாக்கு தெரியாமலே திருப்பி நட்டது.

பங்களா தூரம், என்றார் விஜேகோன்.
எல்லை என்றால் தொடவேண்டும்.
கிழக்கு, பாதை.

தெற்கே செபமாலையின் காம்பரா.
பூட்டு துருவேறிக் கதவோடு ஒட்டிவிட்டது.
ஒப்பந்தம் எண்ணிப் பிரித்தபோது
அவர்கள் கப்பல் பக்கம் விழுந்தார்கள், நாங்கள் இந்தப் பக்கம்.
கோத்தகிரியிலிருந்து ஒரே ஒரு கடிதம்:
இங்கேயும் தேயிலைதான், சந்தனமேரி.
இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள்.
அதை எந்தத் திசையில் எழுதுவது?

மேற்கே?
மேற்கே இப்போது ஒன்றுமில்லை சேர்.
ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
கோழிக்கூடும் வாழையும்
தண்ணீர்ப் பீலியும் இறங்கிப் போயின.
கோழிகள் மட்டும் முன்கூட்டியே கத்தின.

நாடாவை இழுத்தார்கள். மறுபடியும் இழுத்தார்கள்.
ஆறரை.
அரை பேர்ச் ஓடையில் கிடந்தது.
விஜேகோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஏழு என்றே எழுதுங்கள், என்றேன்.
மண் எங்கும் போகவில்லை,
கீழேதான் இருக்கிறது, பாருங்கள்.

பார்த்தார். என்ன எழுதினாரோ,
எனக்குச் சிங்கள எழுத்து வாசிக்க வராது.

நாலு மூலைக்கும் இரும்பு முளை அடித்து
தலைக்குச் சிவப்பு மை பூசிப் போனார்கள்.
சாயங்காலம் பார்க்கிறேன்,
மேற்கு முளையில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள்.
கயிறு நீளம். அது இந்தப் பக்கமும் மேய்கிறது,
துரையின் தேயிலைக்குள்ளும் தலையை விடுகிறது.
தேயிலை பிடிக்காமல் துப்புகிறது.