பிழை விகிதம்

ஏரி உறைந்துவிட்டது.
கிளீவ்லாந்தில் அதிகாலை மூன்று பத்து.
எட்டு நிமிடம்தான் எனக்கு.
தென்மேற்கில் ஆய்வுக்கூடம் எழுந்ததும்
கூரைமேல் கிண்ண ஆண்டெனா முனகிக்கொண்டே திரும்புகிறது,
உறக்கத்தில் தன் பெயர் கேட்டவர்
தலை திருப்புவதுபோல.

ஆறு பேர் உறங்கும் சுவருக்கு வெளியே
ஒரு ரேடியோப் பெட்டி.
வெயிலில் கொதித்து நிழலில் விறைத்து
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு நாளை முடிக்கிறது.
நேற்றுவரை ஒரு குரலில் பேசியது.
மாலையில் புது மென்பொருள் ஏற்றினோம்,
இன்று வேறு குரல்.

என்ன சொல்லும் என்று கேட்கிறார்கள்.
ஒன்றும் சொல்லாது.
ஒன்று, சுழி, சுழி, ஒன்று என்று
நாங்களே எழுதிக் கொடுத்த வரிசை.
இங்கேயும் ஒரு பிரதி இருக்கிறது.
தெரியாததை அனுப்பினால்
எது பிழையென்று எப்படித் தெரியும்?

வரும்போது சுருதி ஏறி, போகும்போது இறங்குகிறது.
ஹஸ்கின்ஸ் திருகுவிசையோடு அதைத் துரத்துகிறார்.
"பிடிச்சாச்சு."
பத்துக் கோடியில் ஒன்று தவறலாம்,
அதற்குமேல் கூடாது.

டொலீடோவிலிருந்து என் தங்கை ரெஜினா
வியாழன்தோறும் அழைப்பாள்.
"பனியா அங்கே?"
"பனிதான். அங்கே?"
"எங்களுக்கும்தான்."
அதே ஏரி, அதே மேகம்.
பின்னால் அவள் கணவர்
தொலைக்காட்சியோடு சண்டை போடுவார்.
அது இரைச்சல், கணக்கில் வராது.
அம்மா வீட்டை விற்ற வருடத்திலிருந்து
இதற்குமேல் ஒரு சொல் போனதில்லை, வந்ததுமில்லை.
கம்பி அறுந்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்போம்,
அவ்வளவுதான்.

ஆறாவது நிமிடம்
திரையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி.
சுழி வர வேண்டிய இடத்தில் ஒன்று.
இத்தனை கோடியில்
எனக்கு முன்பே தெரியாத ஒரே செய்தி.

"விடு வாண்டா, வரம்புக்குள்ளதான்."
கிண்ணம் வடகிழக்கு அடிவானம்வரை போய் நின்றது.
நேரத்தைக் குறித்தேன், கையெழுத்துப் போட்டேன்,
இயந்திரத்தில் வாங்கிய காப்பியைக் கொட்டினேன்.

கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போதுதான்
கை நின்றது.

நேற்று வியாழன்.
இணைப்பு அத்தனை தெளிவு, துளி இரைச்சல் இல்லை.
"பனியா அங்கே?"
"பனிதான். அங்கே?"

"எனக்கும்தான்" என்றாள்.