அப்துல்லாபுரத்திலிருந்து நேர்கோடு

புறப்படும் இடம் என்ற கட்டத்தில் வேலூர் போட்டேன்.
சேரும் இடம் அடிஸ் அபாபா.
கைபேசி யோசிக்கவேயில்லை:
நாலாயிரத்து நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்,
ஐந்து மணி ஐம்பது நிமிடம்.

கம்பெனி வேன் அப்போது அப்துல்லாபுரத்தில் நின்றது.
பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ஓடுதளம்.
ஓரத்தில் யாரோ காயப்போட்ட புளி.
நாற்காலியில் வில்வநாதன்,
இதுவரை ஒரு பயணியின் பெட்டியையும்
திறக்கச் சொல்லாத காவலாளி.

"இன்னா கணக்கு போடுற?" என்றாள் நஸ்ரின்.
"எங்க வீட்டுக்காரர் எம்மா தூரத்துல கீறாருன்னு."
"போய்ச் சேர ரெண்டு நாளு ஆச்சே!"

ஆச்சுதான்.
காட்பாடியில் ரயில் ஒன்றரை மணி லேட்.
மும்பையில் ஒரு ராத்திரி,
பருப்புப்பொடி வைத்த பையே தலையணை.
இறங்கிவிட்டேன் என்று ஏசுபாதம் பேசியபோது
ஆள் போய்ச் சேர்ந்து
குரல் மட்டும் வழியில் நின்றாற்போல் இருந்தது.

தோல் ஷெட்டில் அவர் பார்க்கும் கடிகாரமே வேறு.
காலை ஏழை அந்த ஊரார் ஒரு மணி என்கிறார்களாம்.
விடிந்த பிறகுதானே எண்ண வேண்டும், அதுவும் சரி.
வருஷத்திலும் ஏழெட்டு குறைவு.
"இந்தக் கணக்குல உன்னைப் பொண்ணு பாக்கவே வரல."
"வராதீங்க" என்றேன். சிரித்தோம்.
பிறகு சிக்னல் போய்விட்டது,
அல்லது போனதாக வைத்துக்கொண்டோம்.

இன்று ஒரு காரியம் செய்தேன்.
ஏழு பத்துக்கு, வேன் அந்தக் கேட்டைக் கடக்கையில்
விமானத்தைக் கிளப்பிவிட்டேன்.

ஆம்பூரில் கார்டு தேய்த்தபோது கீழே நிலம் முடிந்தது.
பத்து மணி டீக்குக் கடல், கடல்.
நஸ்ரினிடம் மட்டும் சொன்னேன்.
ஷூவின் நாக்கைத் தைக்கும்போது யாரும் பேசுவதில்லை.

ஊசி உடைந்து லைன் நின்ற பத்து நிமிடத்தில்
வேறொரு கணக்கு:
ஜோடிக்கு நாலு மீட்டர் நூல் என்றால்
அவர் வரைக்கும் பதினோரு லட்சம் ஜோடி.
நாளுக்கு ஆயிரம் என்றால் ஆயிரத்து நூறு நாள்.
ஒப்பந்தம் மூன்று வருஷம்.
கிட்டத்தட்ட ஒத்துவந்தது,
ஞாயிறும் பொங்கலும் வந்து கெடுத்தன.

"சீக்கிரம், சீக்கிரம்" என்றார் சூப்பர்வைசர்.
தேதி தவறினால் பெட்டிகளைப் பறக்கவிட வேண்டுமாம்.
கப்பல் என்றால் லாபம்,
விமானம் என்றால் நஷ்டம்.
ஷூவுக்கு அப்படி.

பன்னிரண்டுக்குச் சோமாலியா.
காய்ந்த மண்ணில் ஓர் ஆறு கிடந்திருக்கும்,
நம் பாலாறு மாதிரி பெயர் மட்டும் ஈரமாக.

ஒரு மணிக்கு இறங்கியது. இங்கே சாப்பாட்டு மணி.
அங்கே பத்தரை, அவர்கள் வாயில் நாலரை.
டிரம் சுற்றும் சத்தத்தில் அவர் நின்றிருப்பார்,
போன் லாக்கரில்.
கழுத்தில் சுண்ணாம்பு வாடை, இடது காதுக்குப் பின்னால்
எப்போதும் கழுவ மறக்கும் அந்த இடம்.

டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள்
திருப்பிவிட்டேன்.
ஒன்றுக்குக் கிளம்பினால்தான் ஏழுக்கு முன் வர முடியும்,
பையனை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும்.

ஓவர்டைம் முடிந்து
ஆறு ஐம்பதுக்கு வேன் அதே கேட்டைக் கடந்தது.
ஓடுதளத்தில் விளக்கில்லை.
வில்வநாதன் புளியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டு வந்தியா?" என்றாள் நஸ்ரின்.

"இறங்கல.
லைன் ஓடிக்கினு இருந்துச்சு."