தொண்ணூறு

காலையில் மூன்று பேர். டாங்கி நிறையப் பெட்ரோல்.
சுரங்கத்தை அளக்கும் கருவி ஓர் இரும்புப் பெட்டியில்;
அதை ஏற்றவே இரண்டு ஆள் தேவைப்பட்டது.
லாஸ்பேட்டையில் எஞ்சின் சூடாகும் நேரத்தில்
தொடையில் கட்டிய தாளில் எழுதிக்கொண்டேன்
காற்று உலுக்கினால் வைக்கவேண்டிய வேகம்:
நூற்றைந்து.

நெய்வேலியில் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.
கொளஞ்சிநாதன் பெட்டியை இழுத்தபடியே
"போய் இறங்கினதும் ஒரு போன் பண்ணிடுங்க" என்றான்.
ஷேக் தாவூதுக்கு இன்னும் குமட்டல்,
கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

திரும்புகையில் நான், அரை டாங்கி,
பின்சீட்டில் அவர்கள் மறந்துபோன பலாச்சுளைப் பொட்டலம்.
நூற்றைந்தை அடித்துவிட்டுப்
பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதினேன்.

யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.
"லோடு இறக்கின வண்டி பறக்கத்தானேம்மா செய்யும்?"
எங்கள் தெரு சைக்கிள் கடை ரொசாரியோ கேட்பார்.
பறக்கும்.
அதுதான் சிக்கல்.
அதே காற்று, அதே அடி.
கனத்தைக் கொஞ்சம் நகர்த்தும்,
இலேசானதைத் தூக்கி எறியும்.
எஞ்சினைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டுக்கு
யார் இறங்கிப்போனார்கள் என்பது தெரியாது,
அடி மட்டும் தெரியும்.

பிற்பகல் இரண்டு மணி, மே மாதம்.
சுரங்கத்தின் கரிய வாய்
வெயிலைத் தின்றுவிட்டு மேலே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.
பண்ருட்டிக்கு முன்னால், முந்திரிக்காடு முடிந்து
செம்மண் தொடங்கும் இடத்தில் முதல் குத்து.
பொட்டலம் பிரிந்து சுளைகள் கூரையில் ஒட்டின.
வார் தோளை அறுத்தது.
முந்நூறு அடி ஏறினேன், நானூறு அடி விழுந்தேன்,
எதையும் துரத்தவில்லை.
மூக்கை அடிவானத்தில் வைத்துவிட்டுச்
சும்மா இருந்தேன். அதுதான் வேலை.

வேகம் கூடினால் இறக்கை முறியும்வரை பிடிவாதம் பிடிக்கும்.
ரொம்பக் குறைந்தால் ஒரு சுழிப்புக்கே சோர்ந்து சரியும்.
தொண்ணூறில்,
உடைவதற்குச் சற்று முன்னால்
அது காற்றை விட்டுவிடும்.
ஒரு நொடி.
பிறகு மறுபடி பற்றிக்கொள்ளும்.

போன வருஷம், வைத்திக்குப்பம் வீட்டிலிருந்து
அவன் பீரோவும் ஏசியும் லாரியில் ஏறிய அன்று
ஆளே இலேசாகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன்.
வாரம் ஆறு நாள் பறந்தேன்.
ஏழாம் நாள் மரக்காணம் சாலையில் காரை நூற்றிருபதில் விட்டேன்.
ஒரு சின்னக் குத்துக்கு,
சம்பளச் சீட்டில் என் இனிஷியல் மாறாமல் வந்ததற்கு,
ஆபீஸ் வாசலில் நின்று அழுதேன்.
வேறொன்றும் இல்லை,
தாளில் பழைய எண்ணே இருந்தது.

கெடிலம் ஒரு கோடு. தென்பெண்ணை முழுக்க மணல்.
பாகூர் ஏரிக்கு மேலே கடல்காற்று வந்து சேர்ந்ததும்
யாரோ மேஜைவிரிப்பை இழுத்துவிட்டது போல
எல்லாம் சமமாயிற்று.
உடனே வேகத்தைக் கூட்டவில்லை.
கொஞ்சதூரம் அப்படியே போகலாம் என்று தோன்றியது.

இறங்கியதும் கொளஞ்சிநாதனுக்குப் போன்.
"ஆட்டம் இருந்துச்சா?"
"கொஞ்சம்" என்றேன்,
கூரையிலிருந்து ஒரு சுளையைப் பிய்த்து
வாயில் போட்டபடி.